யூரியாவும் இரும்பு மணியும்

நெற்பயிருக்கு மேலுரமாக இடப்படும் யூரியா மூட்டை ஒன்றின் எடை 45 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அதாவது மூட்டைக்கு ஏறக்குறைய 20.7 கிலோ நைட்ரஜன். இந்த நைட்ரஜன் சுரங்கத்தினின்று வெட்டியெடுக்கப்பட்டதன்று. ஆகாயத்தினின்று பிடித்து அடைக்கப்பட்டது. ஆகாயத்தில் நூற்றுக்கு 78 பங்கு இவ்வாயுவே. ஓர் ஏக்கர் நிலத்தின் மேலே நிற்கும் காற்றில் முப்பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் உண்டு. அவ்வளவு செல்வம் தலைக்கு மேல் இருக்க, அதே ஏக்கரில் உள்ள பயிர் தழைச்சத்தின்றி வெளுத்து நிற்பதைக் குடியானவர் ஒவ்வொருவரும் கண்டிருப்பர். இதன் காரணம் யாதெனில், காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அப்பிடி மூன்று மடிப்பான பிடி. ரசாயன சாஸ்திரத்தில் அறியப்பட்ட மிக வலிய பிடிகளுள் ஒன்று. அதைப் பிரிக்காமல் நைட்ரஜனை எந்த உரமாகவும் ஆக்க இயலாது.

தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, உளுந்து முதலிய பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் இவ்வேலையை வயலின் சாதாரண உஷ்ணத்திலேயே ஓசையின்றிச் செய்கின்றன. மனிதன் இவ்வாயுவை ஹைட்ரஜனுடன் நேரே சேர்த்து அமோனியாவாக்கக் கற்றது 1909-ஆம் ஆண்டில். ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் என்பவர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் பெரும் அழுத்தத்தில் சூடாக்கி, ஆஸ்மியம் என்னும் அரிய உலோகத்தின் மேல் செலுத்தி, அமோனியா சொட்டுச் சொட்டாக வடியக் காட்டினார். ஆஸ்மியம் உலகத்திலேயே மிகச் சொற்பம். ஆகவே மலிவான உலோகம் ஒன்றைத் தேடும் பொறுப்பு ஆல்வின் மிட்டாஷ் என்பவரிடம் விடப்பட்டது. அவரும் அவர்தம் உதவியாளரும் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 2,500 வஸ்துக்களை 6,500 சோதனைகளில் பரீட்சித்தனர். அவற்றுள் வென்றது ஸ்வீடன் தேசத்துக் கெல்லிவாரே என்னும் ஊரின் காந்த இரும்புக் கல். சுத்தமான இரும்பு அவ்வளவு வேலை செய்யவில்லை. அந்த ஊர்க் கல்லோ நன்றாகச் செய்தது. கல்லில் இயற்கையாகக் கலந்திருந்த அன்னிய வஸ்துக்களே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. 1913 செப்டம்பரில் ஒப்பாவ் என்னும் இடத்தில் முதல் அமோனியா ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஓடும் ஆலைகளிற் பெரும்பாலானவற்றில் உள்ள ஊக்கி அந்த இரும்பின் வழிவந்ததே.

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரை அடுத்த மணலியில் உள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் தொழிற்சாலையிலும் இதே வேலைதான் நடைபெறுகிறது. 1966 டிசம்பரில் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டு, 1971-ல் உற்பத்தியை ஆரம்பித்த இவ்வாலை, பின்னர் விரிவு செய்யப்பட்டபின் நாளொன்றுக்கு 1,050 டன் அமோனியாவும் 1,475 டன் யூரியாவும் செய்யும் திறன் பெற்றது. ‘விஜய்’ என்ற பெயருடன் கடைக்கு வரும் மூட்டைகள் இவ்விடத்தவை. ஹைட்ரஜனுக்காக முதலில் அடுத்த வீடு போன்ற மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தா பயன்பட்டது. 2019 மார்ச் மாதத்தில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை வாயு இறக்கும் நிலையம் திறக்கப்பட்டதை அடுத்து, அவ்வாண்டிலேயே இவ்வாலை நாப்தாவை விட்டு வாயுவுக்கு மாறிற்று.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை செல்வோர் கண்ணுக்குப் படுவன உயர்ந்த கோபுரங்களும் புகைபோக்கிகளும் குழாய்களுமே. யூரியாவின் பிறப்பைத் தீர்மானிப்பதோ கண்ணுக்குப் படாத ஒன்று. தடித்த எஃகுக் கலத்தினுள் நிரப்பப்பட்ட, கடலைப்பருப்பு அளவும் அதற்குச் சற்றுச் சிறிதும் பெரிதுமான கருநிற மணிகள் அவை. அம்மணிகளின் மேற்பரப்பு எவ்விதம் அமைந்துள்ளது என்பதைப் பொறுத்தே அமோனியா வேகமாகவோ மெதுவாகவோ உண்டாகிறது.

மணியின் உள்ளே உள்ள நிலம்

ஊக்கி என்பது தான் செலவழியாமல் பிற வஸ்துக்களின் ரசாயன மாறுதலை விரைவுபடுத்துவது. இரும்பு அமோனியாவில் கலந்து போவதில்லை. வந்த வாயுவைத் தன் மேல் இருத்தி, பிரித்து, சேர்த்து, விடுகிறது. ஆதலால் வாயு தொடக்கூடிய இரும்பே பயன்படும் இரும்பு. கட்டையின் நடுவில் அகப்பட்ட அணு, களஞ்சியத்தில் பூட்டிக் கிடக்கும் விதைநெல்லைப் போல இருந்தும் இல்லாதது. ஒரு கட்டைவிறகு பற்றி எரிய வெகுநேரம் ஆவதும், அதையே சுள்ளிகளாகப் பிளந்தால் உடனே பற்றுவதும் யாவரும் அறிந்தவையன்றோ.

மணிகள் செய்யப்படும் முறை இது. காந்த இரும்புத் தாதுவுடன் சிறிதளவு அலுமினா, சுண்ணாம்பு, பொட்டாஷ் ஆகியவற்றைச் சேர்த்து மின்சார உலையில் உருக்கி, ஆறவிட்டு, உடைத்துச் சலிக்கின்றனர். அப்போது ஒவ்வொரு மணியும் கல் போல் கெட்டி. உள்ளே துவாரம் இல்லை. பிறகு கலத்தில் நிரப்பி, ஹைட்ரஜன் கலந்த வாயுவை மெல்ல மெல்லச் சூடாக்கிச் செலுத்துகின்றனர். தாதுவிலிருந்த பிராணவாயு நீராவியாகி வெளியேறுகிறது. அது இருந்த இடமெல்லாம் வெற்றிடம். மணி வெளித்தோற்றத்தில் சுருங்குவதில்லை. உள்ளேயோ கரையான் அரித்த மரம் போல எண்ணிறந்த நுண்வழிகள் உண்டாகின்றன.

இந்த உள் நிலத்தை அளந்தவர்கள் விவசாய இலாகாவைச் சேர்ந்தவர்களே என்பதைக் குறிப்பிடுவது தகும். அமெரிக்க விவசாய இலாகாவின் கீழ் வாஷிங்டனில் இருந்த நைட்ரஜன் ஆராய்ச்சிச்சாலையில், அமோனியா ஊக்கியின் பரப்பை அறிய வேண்டி புருனாவர், எம்மெட் என்போர் ஒரு முறையைக் கண்டனர். மிகக் குளிர்ந்த நைட்ரஜன் வாயு மணியின் சுவர்களில் ஓர் அணுக்கட்டுக் கனத்துக்குப் படிய எவ்வளவு வேண்டுமென்று அளந்து, அதிலிருந்து பரப்பைக் கணக்கிடுவது அம்முறை. சுவருக்கு வெள்ளையடிக்கச் செலவான சுண்ணாம்பைக் கொண்டு சுவரின் பரப்பைச் சொல்வது போன்றதே. டெல்லர் என்பவரும் சேர்ந்து 1938-ல் வெளியிட்ட அதன் கணிதம் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அதன்படி அளந்தால் நல்ல இரும்பு ஊக்கியில் கிராம் ஒன்றுக்குப் பத்து முதல் இருபது சதுர மீட்டர் வரை பரப்பு உண்டு. பதினைந்து என்று கொண்டால், 270 கிராம் மணியில் ஓர் ஏக்கர் பரப்பு அடங்கியிருக்கிறது. ஒரு டன்னில் 3,700 ஏக்கர். ஒரு கிராமத்தின் அடங்கலில் உள்ள நிலம் முழுவதும் ஒரு டன் மணிக்குள் மடிந்து கிடக்கிறது என்க.

எல்லா நிலமும் ஒரே தரமன்று

பரப்பு மிகுந்தால் வேலை மிகும் என்று இவ்வளவில் நிறுத்திவிடின் பாதி உண்மையே கூறியதாகும். கிராமக் கணக்கில் நன்செய் ஒரு தரம், புன்செய் ஒரு தரம், அவற்றுள்ளும் பல தரம் என்று இருப்பது போல, இரும்பின் பரப்பிலும் தரபேதம் உண்டு. அது வயலின் தரபேதத்தை விடப் பன்மடங்கு பெரிது.

அம்மியும் உரலும் தேய்ந்து வழுவழுப்பானால் மசாலா அரைபடாமல் வழுக்கும். அப்போது கல்தச்சனைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்வர். கல் அதே கல்; எடை சற்றுக் குறைந்தும் இருக்கும்; எனினும் வேலை மும்மடங்கு நடக்கும். இரும்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. இரும்பணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டவை. பெட்டியின் எட்டு மூலைகளில் எட்டு அணுக்கள், நடுவில் ஒன்று. இந்த அடுக்கை வெவ்வேறு சாய்வில் வெட்டினால் வெவ்வேறு முகங்கள் தோன்றும். ஒரு சாய்வில் வெட்டினால் அணுக்கள் தளவரிசைக் கல் போல நெருங்கிச் சமமாக நிற்கும். மற்றொரு சாய்வில் சற்று இடைவெளி இருக்கும். மூன்றாவது சாய்வில், மேல் அணுக்களிடையே பள்ளங்கள் அகன்று, இரண்டாம் அடுக்கும் மூன்றாம் அடுக்குங்கூட வெளியே தெரியும். சாஸ்திரிகள் இவற்றை முறையே 110, 100, 111 என்ற இலக்கங்களால் குறிப்பர்.

1982-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி நகரத்தில், சோமர்ஜாய் என்பவரும் அவருடன் உழைத்தோரும் இம்மூன்று முகங்களையும் தனித்தனியே சோதித்தனர். ஒரே இரும்பு, ஒரே 20 மடங்கு வாயுமண்டல அழுத்தம், ஒரே 525 டிகிரி உஷ்ணம். வெட்டிய முகம் மட்டுமே வேறு. நெருங்கிய முகத்தில் உண்டான அமோனியாவை ஒரு பங்கு என்று வைத்தால், நடுத்தர முகத்தில் 25 பங்கு; திறந்த முகத்தில் 418 பங்கு. எருவையும் நீரையும் விதையையும் மாற்றாமல், உழவு போன திசையை மட்டும் மாற்றியதால் ஒரு மூட்டை விளைந்த நிலத்தில் 418 மூட்டை விளைந்ததாகக் கேட்டால் எவரும் நம்பார். உலோகத்தில் அது பிரத்தியட்சம்.

கரடுமுரடாக இருந்தால் போதும் போலும் என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் அவசரமாகும். அதே குழுவினர் 1987-ல் ஐந்து முகங்களை ஒப்பிட்டபோது, மேடுபள்ளம் மிகுந்த 210 என்னும் முகம் பின்தங்கிற்று. 111-ம் 211-ம் முன்னின்றன. முன்னின்ற இரண்டிலும் பொதுவாக இருந்தது ஒன்று: ஏழு அணுக்கள் சூழ நின்ற ஓர் இரும்பணு, மேல் அடுக்கின் பள்ளத்தினூடே வாயுவுக்கு எட்டும்படி அமைந்திருந்தது. கட்டையின் உள்ளிருக்கும் அணுவுக்கு அண்டை வீட்டார் எண்மர், இதற்கோ எழுவர், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. அந்தப் பள்ளத்தில் விழுந்த நைட்ரஜன் ஜோடியைப் பல அணுக்கள் பல பக்கத்தினின்றும் ஒருங்கே பற்றுகின்றன. பாறை மேல் இட்ட நெல் உலக்கை பட்டதும் தெறித்தோடும். உரற்குழியில் இட்டது நின்று குத்துப்படும். குழி இருந்தால் மட்டும் போதாது, உலக்கைக்கு ஏற்ற குழியாகவும் இருக்கவேண்டும்.

அப்படியிருந்தும் வேலை எளிதன்று. ஜெர்மானிய ரசாயன சாஸ்திரியான கெர்ஹார்ட் எர்ட்ல், நைட்ரஜன் ஜோடி பிரிகின்ற அந்த ஒரு படியே முழு வேலையின் வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார். மிகச் சிறந்த முகத்திலும் பத்து லட்சம் தடவை மோதினால் சில தடவை மட்டுமே ஜோடி பிரிகிறது. பிரிந்தபின் ஹைட்ரஜன் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி மூன்று சேர்ந்து அமோனியாவாவது விரைவில் முடிகிறது. மேற்பரப்பு ரசாயனத்தில் செய்த இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 2007-ல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கெல்லிவாரேக் கல்லின் ரகசியமும் அவர் போன்றோரால் வெளிப்பட்டது. பொட்டாஷ் இரும்பின் பற்றுந் திறனை உயர்த்துகிறது. வயலுக்கு இடும் பொட்டாஷே ஆலையின் இரும்புக்கும் ஓர் உரம் எனலாம். அலுமினாவின் வேலை வேறு. மழைக்காலத்தில் யூரியா மூட்டையில் குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவது போல, சூட்டில் சிறிய இரும்புப் படிகங்கள் ஒட்டிப் பெரிதாகிப் பரப்பைக் குறைக்கும். வெல்ல அச்சுகளை ஒட்டாதபடி இடையே வைக்கோல் வைத்து அடுக்குவது போல, அலுமினா படிகங்களிடையே நின்று அதைத் தடுக்கிறது. நல்ல முகங்கள் வெளிப்பட்டு நிலைக்கவும் அது துணை செய்கிறது.

ஆலையில் நடக்கும் சோதனை

விளைநிலத்தைப் போலவே இந்நிலத்துக்கும் பகை உண்டு. அவற்றுள் கொடியது கந்தகம். எண்ணெயிலும் வாயுவிலும் இயல்பாக இருக்கும் கந்தகம், நாப்தாவையோ வாயுவையோ நீராவியுடன் சேர்த்து ஹைட்ரஜன் எடுக்க உதவும் நிக்கல் ஊக்கியின் மேல் உட்கார்ந்தால், வேலை நடக்கும் இடங்களையே அடைத்துக்கொள்ளும். தாண்டிப் போய் இரும்பில் சேர்ந்தால் எளிதில் விடாது. ஆகவே மூலப்பொருளைத் துத்தநாக ஆக்ஸைடு வழியே செலுத்திக் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவாக்கிய பிறகே உள்ளே விடுகின்றனர். பிராணவாயு கலந்த நீராவி, கரியமில வாயு முதலியனவும் இரும்பை மழுக்கும். தூய வாயு மீண்டும் வந்தால் பெரும்பாலும் தெளியும். இவ்வளவும் காத்தால் ஒரு தடவை நிரப்பிய இரும்பு மணி பத்தாண்டும் அதற்கு மேலும் உழைக்கிறது.

சிறு அளவு வஸ்து எவ்வளவு பெரிய கேடு செய்யும் என்பதற்கு ருதேனியம் என்ற மற்றோர் உலோகத்தில் நடந்த சோதனை நல்ல சான்று. 1999-ல் டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர், பளபளப்பான ருதேனியத் தகட்டில் அணு உயரமுள்ள படிகளின் ஓரங்களை மட்டும் சிறிதளவு தங்கத்தால் மூடினர். பரப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே மூடப்பட்டது. நைட்ரஜன் பிரியும் வேலையோ ஏறக்குறைய நின்றே போயிற்று. படியோரத்தில் அவ்வேலை சமதளத்தைக் காட்டிலும் குறைந்தது நூறு கோடி மடங்கு விரைவு என்று கணக்கிட்டனர். அதாவது தகடு முழுவதும் வேலை செய்வது போல் தோன்றியது பொய். ஓரங்கள் மட்டுமே உழைத்துக்கொண்டிருந்தன.

இதனால் குடியானவருக்கு ஆவது என்ன என்ற கேள்வி நியாயமானதே. அமோனியா உண்டாகும்போது சூடு பிறக்கிறது. ஆகவே உஷ்ணம் குறைந்தால் அமோனியா மிகுதியாக நிலைக்கும், ஏறினால் மீண்டும் சிதையும். ஆனால் உஷ்ணம் குறைந்தால் இரும்பு தூங்கிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே நானூறு முதல் ஐந்நூறு டிகிரி வரை என்று சமரசம் செய்துகொண்டு, குறையை ஈடுகட்ட நூறு மடங்குக்கு மேற்பட்ட வாயுமண்டல அழுத்தம் கொடுக்கின்றனர். அப்படியும் ஒரு தடவை கலத்தைக் கடக்கும் வாயுவில் சிறு பங்கே அமோனியாவாகிறது. மற்றதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். மேற்பரப்பு நன்றாயமைந்த ஊக்கி குறைந்த உஷ்ணத்தில் வேலை செய்தால், அழுத்தமும் குறையும். அழுத்தும் இயந்திரத்துக்கான சக்தியும் மிச்சமாகும். 1992-ல் கனடாவின் கிட்டிமாட் ஆலையில் கரியின் மேல் பதித்த ருதேனியம் இவ்வாறு பயன்படுத்தப்பட்டது. அது விலையுயர்ந்த உலோகமாதலால் இரும்பின் இடத்தை எங்கும் பிடித்துவிடவில்லை. மேலும், ஊக்கி எவ்வளவு சிறந்தாலும் யூரியா அடிமாட்டு விலைக்கு வந்துவிடும் என்று எண்ணலாகாது. அமோனியாவில் ஏறும் ஹைட்ரஜன் முழுவதும் வாயுவிலிருந்தும் நீராவியிலிருந்தும் எடுக்கப்பட வேண்டியதே. அந்த வாயுவோ மணலிக்குக் கப்பலில் வருகிறது. செலவின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. மூட்டைக்குக் குடியானவர் கொடுப்பது உண்மை அடக்கத்தின் ஒரு பகுதியே; மீதியைச் சர்க்கார் மானியமாக ஏற்கிறது.

அழுத்தமும் தூரமும் குறைவதால் பாதுகாப்பிலும் நன்மை உண்டு. வடசென்னைக் கடற்கரையில் அமோனியாவைத் தாமே செய்யாமல் கப்பலில் வருவித்துக் கடலடிக் குழாய் வழியே இறக்கிக்கொள்ளும் உரத் தொழிலும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அத்தகைய குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் முதலிய மீனவர் குப்பங்களில் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினர். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். உரத்தின் விலையில் எழுதப்படாத செலவு இது. ஆலைகளையும் குழாய்களையும் அடுத்த கிராமங்களின் அதிகாரிகள் அறிந்திருக்க வேண்டுவது: கடுநெடி எழுந்தால் காற்று வீசும் திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்கே ஜனங்களை அப்புறப்படுத்தவேண்டும், அமோனியா நீரில் விரைவாகக் கரையுமாதலால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடச் செய்யலாம், கண்ணிலோ தோலிலோ பட்டால் கால்மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்.

இனி வயல். இரும்பு மணிகளின் பள்ளங்களில் இவ்வளவு பிரயாசையுடன் பிடிக்கப்பட்ட நைட்ரஜன், வயலில் வீசிய சில தினங்களில் மீண்டும் அமோனியாவாகி ஆகாயத்துக்கே திரும்பக்கூடும். மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் பொருள் யூரியாவைச் சிதைக்கிறது. அதுவும் ஓர் ஊக்கியே. இங்கே அது குடியானவருக்கு எதிராக வேலை செய்கிறது. நீர் நிறையத் தேங்கிய வயலில், வெயில் ஏறிய வேளையில், காற்றடிக்கும் நாளில் வீசினால் நஷ்டம் அதிகம். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருவது நஷ்டத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. அதனோடு, நீரை வடித்து வயல் சேறாக இருக்கும் நிலையில் மாலை வேளையில் இட்டு, மறுநாள் நீர் பாய்ச்சுதல் நலம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குச் சிபாரிசு செய்யும் முறைப்படி, யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் நன்றாகக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் எடுத்து இடுக.